சூரனும் சிங்கமுகனும்

கந்தசஷ்டியில் முருகன் தலங்கள் பலவற்றிலும் சூரசம்ஹாரம் நிகழ, திருத்தணிகையில் அவ்விழா இல்லை. மலர் வழிபாடே உண்டு. சூரனை வென்றபின் பெருமான் சினந்தணிந்து அமர்ந்த தலம் இதுவாதலின் என்க.

காஞ்சிக் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்துள், சூரன் தம்பி சிங்கமுகன் சிந்திக்கற்பாலன். முருகன் பாலனல்லன், பரம்பொருளே என்று உணர்ந்தவன் அவன். தேவரைச் சிறைவிடுமாறு தமையனுக்கு அறிவுரை கூறினான். தமையன் இகழவே, அவன் பொருட்டே பொருது மாய்ந்தான். அறிவு இருந்தது, அறிந்த வழியில் நிற்கும் உறுதி இல்லை. கம்பர் காட்டும் கும்பகருணன் நிலையும் இதுவே.

சூரனோ, பெருமான் பேருருவம் காட்டியபோது ஒருகணம் உள்ளம் உருகினான். அவ்வுருவம் மறைந்ததும் செருக்கு மீண்டது. ஈற்றில் கடல் நடுவே மாமரமாய் நின்றான். வேல் அதனை இருகூறாக்கிற்று. அக்கூறுகள் சேவலும் மயிலுமாய் எதிர்த்துவர, பெருமான் அருள்நோக்கால் அவை கொடியும் ஊர்தியும் ஆயின. எனவே, கெட்டது ஆணவத்தின் வலியே, உயிர் ஆட்கொள்ளப்பட்டது.

365 படிகள் ஏறிச் சந்நிதியில் நிற்கும்போது நாமும் உருகுகின்றோம். இறங்கி அரக்கோணம் வந்து சேருமுன், உடன்பிறந்தான்மேல் கொண்ட பழம்பகை மீள்கின்றதன்றோ? அதுவே சூரன் நிலை. தணிகைக்குச் சென்றும் தணியாத சினத்தோடு இல்லம் புகுதல் தகுமோ? அவ்வொரு கணத்து உருக்கம் நிலைபெற அவன் திருவடியையே வேண்டுவோமாக.