ரிப்பர் பல்

எஃகு. கிழக்கு கென்டக்கி, அமெரிக்கா.

புல்டோசரின் பின்னால் மாட்டி, நிலத்தைச் சுமார் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கீறிச் செல்லும் பல் இது. நுனி மழுங்கியிருப்பதைக் கவனியுங்கள். அது உரசியது வயல்மண்ணில் அல்ல, பாறைத் துண்டுகள் இறுகிக் கிடந்த சுரங்க நிலத்தில். அப்பலாச்சிய மலைகளில் கைவிடப்பட்ட திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் பலவற்றில் காடு திரும்பாததற்கு அந்த இறுக்கமே பெருங்காரணம். தோண்டிய மலையைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரச் சொன்னது 1977ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம். சரிவு சரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் கனரக வண்டிகள் மண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தின. மேலே ஃபெஸ்க்யூ புல்லை விதைத்தார்கள். கண்ணுக்குப் பச்சை, அவ்வளவுதான். ஓக் கன்றின் வேர் இறங்க வழியில்லை. கன்றுக்கு வேண்டிய நீரையும் வெளிச்சத்தையும் புல்லே எடுத்துக்கொண்டது.

மண்ணைக் கிளறினால் மழை அரித்துக்கொண்டு போகாதா என்பது நியாயமான கேள்வி. ஆனால் இறுகிய தரையில்தான் நீர் உள்ளே போகாமல் மேலோடு வழிந்து ஓடுகிறது; கரடுமுரடான தளர்ந்த மண் அதை உறிஞ்சிக்கொள்கிறது. தவிர, மலை முழுவதையும் தளர்த்தத் தேவையில்லை. அடியில் உள்ள நிரப்பு உறுதியாகவே இருக்கட்டும். மேலே 4 அடி தளர்ந்திருந்தால் மரத்துக்குப் போதும். இந்த முறையைப் பரப்ப 2004இல் மாநிலங்களும் கூட்டாட்சி அரசும் கைகோத்தன. கீறிய தடங்களில் இப்போது வெள்ளை ஓக், டியூலிப் மரம், நோயெதிர்ப்புக்காகக் கலப்பினமாக்கிய அமெரிக்கச் செஸ்ட்நட் ஆகியவற்றை நடுகிறார்கள்.