பெலிஸ்தரின் 'செரானீம்': ஒரு பட்டத்தின் பிறப்பும் பொருளும்

பெலிஸ்தரின் ஐந்து பட்டணங்களை ஆண்டோரை எபிரேயத் திருமறை 'செரானீம்' என்று அழைக்கிறது (யோசுவா 13:3, நியாயாதிபதிகள் 3:3). நமது தமிழ் வேதாகமம் இதனை 'அதிபதிகள்' என்று பெயர்த்துள்ளது. வேறெந்த நாட்டு ஆட்சியாளருக்கும் பழைய ஏற்பாடு இப்பட்டத்தை வழங்கவில்லை. பன்மையிலன்றி இது வருவதுமில்லை. 1 இராஜாக்கள் 7:30இல் இதே வடிவுடைய சொல் வண்டியின் அச்சுகளைக் குறிக்கிறது. ஆயினும், அச்சிலிருந்து ஆட்சியாளனை வருவிப்பது வலிந்து பொருள் கோடலேயாகும்.

ஆகவே அறிஞர் வடக்கே நோக்கினர். இன்றைய துருக்கியிலும் வட சீரியாவிலும் வழங்கிய லூவிய மொழி, ஏத்திய மொழிக்கு உடன்பிறப்பு. அதன் சித்திர எழுத்துக் கல்வெட்டுகளில் 'தர்வானிஸ்' என்னும் பட்டம் காணப்படுகிறது. கர்கேமிசில் இளவரசன் கமானிக்குப் பாதுகாவலனாயிருந்து ஆண்ட யாரிரி இதனைத் தனக்குச் சூட்டிக்கொண்டான், அவன் அரசனல்லன். இதன் பொருளை விளக்க 1946இல் அறியப்பட்ட கராத்தெபே இருமொழிக் கல்வெட்டு பெரிதும் உதவிற்று. அங்கு ஆளுநன் அசத்திவதா தன் நற்குணங்களைக் கூறுமிடத்தில், தர்வானிஸ் என்பதோடு உறவுடைய லூவியச் சொல்லுக்கு நேராகப் பெனிக்கேய வாசகம் கூறுவது 'ச-த-க்' என்னும் மெய்களாலான சொல். எபிரேய மாணவர்க்கு இது புதிதன்று; நீதியைக் குறிக்கும் 'ஸெதெக்' அதுவே. ஆகவே 'தர்வானிஸ்' நீதியுள்ளவன் அல்லது நீதி செலுத்துவோன் ஆகிறான்.

கிரேக்கரின் 'துராணொஸ்' இதே ஊற்றிலிருந்து பிறந்ததென்பர் பலர். 'செரானீம்' என்பதற்கு அரமேயத் தர்கூம் அக்கிரேக்கச் சொல்லின் வடிவத்தையே வழங்குவது கருதத்தக்கது. எனினும் அது பிற்கால மொழிபெயர்ப்பாளரின் செவிக்கு எட்டிய ஒப்புமையேயன்றிப் பிறப்புக்குச் சான்றாகாது. இடர்ப்பாடும் உண்டு. லூவியத் தகரம் எபிரேயத்தில் சகரமானது எவ்வாறு? இடையிலுள்ள வகரம் எங்கே மறைந்தது? பெலிஸ்தரின் சொந்த மொழி இடையில் நின்று திரித்திருக்கலாம். ஆனால் அம்மொழியின் எச்சங்கள் மிகச் சிலவே. உறவு உண்டென்று கொள்வதையே நாம் விரும்புகிறோம். நிறுவப்பட்டதென்று கூறத் துணியோம்.

இங்கேதான் பிரசங்கியார் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். 'துராணொஸ்' என்பதைப் பற்றிக்கொண்டு, பெலிஸ்தத் தலைவர் பெயரிலேயே கொடுங்கோலர் என்று போதிப்போர் உளர். அவ்வழியே சென்றால் லூவிய மூலத்தைப் பற்றிக்கொள்வோர் அவர்களை நீதிமான்கள் என்றும் போதிக்கலாம். தெலீலாளுக்கு ஆளுக்கு 1,100 வெள்ளிக்காசு கொடுப்பதாக வாக்களித்த நீதிமான்கள்! சொல்லின் வேரைக்கொண்டு வசனத்தின் பொருளை நிறுவும் இம்முறையை 1961இலேயே ஜேம்ஸ் பார் வன்மையாகக் கண்டித்தார்.

வசனங்களோ வேறொன்றைக் காட்டுகின்றன. உடன்படிக்கைப் பெட்டியை என்ன செய்வதென்று இவர்கள் கூடி ஆலோசிக்கிறார்கள் (1 சாமுவேல் 5:8). காத்தின் ராஜாவாகிய ஆகீஸ் தாவீதை உத்தமன் என்று கண்டும், செரானீமுக்கு அவன் பிரியமில்லாததால் போர்க்களத்திலிருந்து திருப்பியனுப்புகிறான் (1 சாமுவேல் 29:6, 7). தனியொருவனின் விருப்பத்தை மீறிச் செல்லத்தக்க கூட்டதிகாரம் இங்கே புலப்படுகிறது. 1996இல் எக்ரோனில் கிடைத்த கல்வெட்டிலோ, ஆகீசின் பெயரையொத்த பெயருடைய கி.மு. 7ஆம் நூற்றாண்டு ஆட்சியாளன் தன்னைச் 'சர்' என்னும் செமித்தியச் சொல்லாலேயே குறிப்பிடுகிறான். பழைய பட்டம் அங்கு இல்லை.