கப்பலில் பிறந்த கணக்கும் விரையும் பிரபஞ்சமும்

1930 ஜூலை கடைசியில் பம்பாயிலிருந்து கப்பலேறியபோது சுப்ரமணியன் சந்திரசேகருக்கு வயது 19. நன்னிலத்தையும் உள்ளடக்கியிருந்த பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் நிலபுலன் வைத்திருந்த பரம்பரை அவருடையது. சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கிய கையோடு கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனார். பயணத்தின் நடுவே, செத்துப்போன விண்மீன்களைப் பற்றி ஒரு கணக்குப் போடத் தொடங்கினார்.

சூரியனைப் போன்ற விண்மீன் எரிபொருள் தீர்ந்ததும் சுருங்கி, ஏறக்குறைய பூமியளவே உள்ள வெண்குறுமீன் ஆகிவிடும். அதன் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று சந்திரசேகர் கண்டார்: சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் போனால் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. 1935-ல் லண்டனில் நடந்த வானியலாளர் கூட்டத்தில் வானியற்பியலாளர் ஆர்தர் எடிங்டன் இந்த முடிவை எல்லோர் முன்னிலையிலும் மறுத்தார். கணக்குதான் நின்றது. 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பக்கத்து விண்மீனிலிருந்து வாயுவை இழுத்து அந்த வரம்பை நெருங்கும் வெண்குறுமீனுக்குள் கார்பன் பற்றிக்கொள்ளும். சில நொடிகளில் முழு விண்மீனும் சிதறிவிடும். '1ஏ வகை' சூப்பர்நோவா என்னும் விண்மீன் வெடிப்பு இப்படி உருவாகலாம். இரண்டு வெண்குறுமீன்கள் ஒன்றோடொன்று சேர்ந்தும் உருவாகலாம்.

இவ்வகை வெடிப்புகளின் உச்ச ஒளி கிட்டத்தட்ட ஒரே அளவு. அதிகம் ஒளிர்வது மெதுவாக மங்கும். அதை வைத்து மிச்ச வித்தியாசத்தையும் சரிசெய்துவிடலாம். நன்னிலத்தில் வயலோரச் சாலையில் ஒரே வாட் பல்பு போட்ட தெருவிளக்குகளைப் பாருங்கள். இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பது நாலில் ஒரு பங்கு வெளிச்சமே தரும். அதேபோல சூப்பர்நோவாவின் மங்கலைக் கொண்டு அதன் தூரத்தைச் சொல்லிவிடலாம். அதன் ஒளி எவ்வளவு சிவப்புப் பக்கம் நீண்டிருக்கிறது என்று பார்த்தால், அது புறப்பட்டதிலிருந்து பிரபஞ்சம் எவ்வளவு விரிந்தது என்பதும் தெரியும்.

ஈர்ப்புவிசை இந்த விரிவை எந்த அளவுக்கு மட்டுப்படுத்துகிறது என்று அளக்கத்தான் 1990-களில் இரண்டு குழுக்கள் இறங்கின. ஒன்றுக்கு சால் பெர்ல்மட்டர் தலைவர். மற்றதில் பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் இருந்தார்கள். 1998-ல் இரு குழுவுக்கும் ஒரே விடை. தொலைதூர சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது இன்னும் தள்ளி இருந்தன.

விரிவு மட்டுப்படவில்லை, வேகம் பிடித்திருக்கிறது!

இடையிலுள்ள தூசி ஒளியை மறைக்கிறதோ என்ற சந்தேகம் எழுந்தது. ஹப்பிள் தொலைநோக்கி இன்னும் தொலைவான வெடிப்புகளைக் காட்டியபோது அது விலகியது. ஆதியில் விரிவு மந்தமாகி, பிறகுதான், சுமார் 500 கோடி ஆண்டுகளுக்கு முன், வேகமெடுத்திருக்கிறது. மூவரும் 2011-ல் நோபல் பெற்றார்கள்.

இப்படி விரட்டும் ஆற்றலுக்கு 'இருண்ட ஆற்றல்' என்று பெயர். பிரபஞ்சத்தில் சுமார் 70 சதவீதம் அதுதான். அது என்ன என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 2014-ல் எம்82 என்ற விண்மீன் மண்டலத்தில் வெடித்த 1ஏ வகை சூப்பர்நோவாவை அது தொடர்ந்து கவனித்தது. அதற்கு இமாலய சந்திரா தொலைநோக்கி என்று பெயரிட்டு, நாடு சந்திரசேகரை நினைவில் வைத்திருக்கிறது. காவிரி டெல்டாப் பள்ளி ஆசிரியர்களும் இயற்பியல் வகுப்பில் அவரது கப்பல் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.