மூச்சா, நெஞ்சா? வயதுக்கு ஒரு கணக்கு ஏன்?

இன்றைக்கு மூன்று கணக்குகளோடு ஆரம்பிக்கிறேன்: 30-க்கு 2, 15-க்கு 2, 3-க்கு 1. மூச்சும் இதயத் துடிப்பும் நின்றுபோன ஒருவருக்குச் செய்கிற சிபிஆர் என்ற உயிர்மீட்பு முதலுதவியின் கணக்குகள் இவை. முதல் எண், நெஞ்சை எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்பது. அடுத்தது, அதன் பிறகு எத்தனை மூச்சு கொடுக்க வேண்டும் என்பது. பெரியவர்களுக்கு 30-க்கு 2. குழந்தைகளுக்கு, பயிற்சி பெற்ற இரண்டு பேர் சேர்ந்து செய்தால் 15-க்கு 2. இப்போதுதான் பிறந்த சிசுவுக்கு 3-க்கு 1.

பயிற்சி வகுப்புகளில் நர்ஸுகள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்: "ஏன் டாக்டர் மூணு விதம்? ஒண்ணே ஒண்ணு வச்சா ஞாபகம் வச்சுக்க சுலபமா இருக்குமே?" நியாயமான கேள்விதான். இதயம் எதனால் நின்றது என்பது வயதுக்கு வயது வேறுபடுகிறது, அதனால்தான் கணக்கும் மாறுகிறது.

முதலில் பெரியவர்கள். நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஐம்பது வயதுக்காரர் திடீரென்று சரிந்து விழுகிறார். பெரும்பாலும் கோளாறு இதயத்தில்தான். அதன் மின்னோட்டம் தாறுமாறாகி, ரத்தத்தைத் தள்ளும் வேலை நின்றுவிடுகிறது. ஆனால் விழுந்த நொடி வரைக்கும் அவர் மூச்சு விட்டுக்கொண்டுதானே இருந்தார்? ரத்தத்தில் சில நிமிடங்களுக்கான ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது. அதை மூளைக்குக் கொண்டுபோக ஆள் இல்லை, அவ்வளவுதான். அதனால் நெஞ்சை அழுத்துவதுதான் முதல் வேலை. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு. பயிற்சி இல்லாதவர்கள் மூச்சு கொடுக்கத் தயங்கினால், நெஞ்சை மட்டுமாவது விடாமல் அழுத்தச் சொல்வதும் இதனால்தான்.

குழந்தைகளின் கதை வேறு. குழந்தையின் இதயம் பொதுவாக ஆரோக்கியமானது, அது தானாகத் திடீரென்று நிற்பது அபூர்வம். கிணற்றில் விழுந்திருக்கலாம், வேர்க்கடலை தொண்டையில் அடைத்திருக்கலாம், கடுமையான நிமோனியாவாக இருக்கலாம். முதலில் மூச்சு போகிறது, ஆக்சிஜன் தீர்ந்துபோன பிறகு இதயம் சோர்ந்து நிற்கிறது. அந்த ரத்தத்தை அழுத்தித் தள்ளினால் மட்டும் போதுமா? அதில் ஆக்சிஜனே இல்லையே! அதனால்தான் அழுத்தத்தோடு மூச்சும் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

பிறந்த சிசுவுக்கு வந்தால் மூச்சுதான் எல்லாம். கருவில் இருக்கும்வரை அதன் நுரையீரலில் திரவம் நிறைந்திருக்கும், ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாக வரும். பிறந்ததும் அந்தத் திரவம் விலகி, காற்று உள்ளே போக வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் இதைத் தாமாகவே செய்து, அழுதுவிடுகிறார்கள். சிலருக்குத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். அப்படியும் மூச்சு விடாத குழந்தைக்கு, பிறந்த முதல் நிமிடத்துக்குள் ஆம்பு பேக்கால் காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும். இதைத்தான் பொன் நிமிடம் என்கிறோம். காற்று சரியாக உள்ளே போனால், பெரும்பாலும் இதயத் துடிப்பு தானாகவே ஏறும். முப்பது நொடி நன்றாகக் காற்று கொடுத்த பிறகும் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால்தான் நெஞ்சை அழுத்துவது. அப்போதும் நிமிடத்துக்கு 90 அழுத்தம், 30 மூச்சு. அதுதான் 3-க்கு 1.

சரி, கேட்க எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மருத்துவத்தில் நியாயமாகத் தோன்றுகிற எல்லாமே உண்மையாக இருந்துவிடாது. இதற்கு இரண்டு கதை சொல்றேன். இரண்டுக்கும் நம் நாட்டோடு தொடர்பு உண்டு.

ஒன்று, ஆக்சிஜன். மூச்சு விடாத சிசுவுக்கு நூறு சதவீத ஆக்சிஜன் கொடுப்பதுதான் பல காலம் உலகம் முழுக்க வழக்கம். ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கிற குழந்தைக்கு அதை அள்ளிக் கொடுப்பதில் என்ன தப்பு என்றுதானே தோன்றும்? டெல்லியில் டாக்டர் சித்தார்த் ராம்ஜி, நார்வேயின் டாக்டர் ஓலா சௌக்ஸ்டாட் போன்றவர்கள் அதைக் கேள்வி கேட்டார்கள். கருவில் இருக்கும்போதே குழந்தை குறைந்த ஆக்சிஜனில்தான் வாழ்கிறது. ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்குக்கூட ரத்த ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்தை ஒட்டி வரப் பத்து நிமிடம் ஆகலாம். திடீரென்று வரும் அதிகப்படி ஆக்சிஜன் செல்களுக்குச் சேதம் செய்யாதா என்பதுதான் அவர்கள் கேள்வி.

இந்தியா உள்பட ஆறு நாடுகளில் 609 குழந்தைகளிடம் அவர்கள் நடத்திய ஆய்வு 1998-ல் வெளிவந்தது. சாதாரணக் காற்று, அதாவது 21 சதவீத ஆக்சிஜன், எந்த விதத்திலும் குறைந்ததாக இல்லை. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, காற்றில் தொடங்கிய நிறைமாதக் குழந்தைகளில் இறப்பு குறைவாகவே இருந்தது. 2010-ல் சர்வதேசப் பரிந்துரை மாறியது: நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றில் தொடங்குங்கள், தேவைப்பட்டால் ஆக்சிஜனைக் கூட்டுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்குக் கணக்கு வேறு, அது தனி எபிசோட். ஆனால் யோசித்துப் பாருங்க, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாத ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆம்பு பேக் மட்டும் இருந்தாலும் வேலையைத் தொடங்கலாம் என்று இதற்கு அர்த்தம்.

இரண்டாவது கதை பக்கத்திலேயே நடந்தது. "குழந்தை வயித்துக்குள்ளேயே மலம் போயிடுச்சு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அப்படிப் பிறந்து, சோர்ந்து கிடக்கிற குழந்தையின் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, அந்த மலத்தை உறிஞ்சி எடுத்த பிறகுதான் காற்று கொடுக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. அடைத்திருப்பதை எடுக்காமல் ஊதினால் இன்னும் உள்ளே போகுமே என்ற பயம். இதுவும் நியாயமாகத்தான் தோன்றுகிறது.

புதுச்சேரி ஜிப்மரில் அப்படிப்பட்ட 122 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். ஒரு குழுவுக்கு உறிஞ்சி எடுத்தார்கள், இன்னொரு குழுவுக்கு எடுக்கவில்லை. முடிவு 2015-ல் வெளிவந்தது: உறிஞ்சி எடுத்ததால் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் தெரியவில்லை. ஆனால் டியூப் போட எடுக்கிற நொடிகளில் குழந்தை மூச்சில்லாமல் காத்திருக்கிறது, இல்லையா? அதே ஆண்டு வந்த சர்வதேச வழிகாட்டுதல், எல்லாக் குழந்தைக்கும் வழக்கமாக இதைச் செய்ய வேண்டும் என்ற பரிந்துரையைக் கைவிட்டது. மூச்சுக்குழாய் அடைத்திருப்பதாகத் தெரிந்தால் மட்டும் செய்யலாம்.

இப்படி உலகின் ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுவது ஐஎல்சிஓஆர் என்ற சர்வதேசக் கூட்டமைப்பு. 1992-ல் தொடங்கியது. ஒவ்வொரு பரிந்துரையோடும், அதற்குப் பின்னால் உள்ள ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதையும் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். நான் முதலில் சொன்ன 3-க்கு 1 கூட, பெரும்பாலும் விலங்குகளிலும் பொம்மைகளிலும் செய்த ஆய்வுகளை நம்பித்தான் நிற்கிறது. ஆதாரத்தின் உறுதி குறைவு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நாளைக்கு வலுவான ஆய்வு வந்தால் அந்த எண்ணும் மாறலாம். "என்ன டாக்டர், வருஷா வருஷம் மாத்துறீங்க" என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் சொல்வது, மாறாமல் இருந்திருந்தால் இன்றும் அந்தக் குழந்தையைக் காக்கவைத்து உறிஞ்சிக்கொண்டுதான் இருந்திருப்போம்.

கேட்கிற உங்களுக்கு மூன்று விஷயம். பெரியவர் ஒருவர் திடீரென்று விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், 108-ஐ அழையுங்கள், நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள். தண்ணீரில் மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு இல்லையென்றால் முதலில் மூச்சு கொடுத்துவிட்டுப் பிறகு நெஞ்சை அழுத்துங்கள். வீட்டில் பிரசவம் எதிர்பார்க்கிறீர்கள் என்றால், பிறந்த முதல் நிமிடத்தில் ஆம்பு பேக் போடத் தெரிந்தவர் அந்த அறையில் இருப்பாரா என்று மருத்துவமனையில் முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை.

இதையெல்லாம் காதால் கேட்டு மட்டும் பழக முடியாது. ஒரு நாள் ஒதுக்கி, பொம்மையில் அழுத்திப் பழகுகிற வகுப்புக்குப் போய்ட்டு வாங்க. அடுத்த எபிசோடில் குறைமாதக் குழந்தைகளைப் பற்றிப் பேசுவோம்.