கோடு போட்டவர் யார்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

"கோடு போட்டவன் யாருடா?" என்று என் தந்தை அடிக்கடி கேட்பார். 2008-ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்பில் எங்கள் சிற்றூர் பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டது. ஓடைக்குப் பாலம் வேண்டி அவர் அலைந்து கொடுத்த மனுக்கள் பழைய தொகுதியோடு நின்றுவிட்டன. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அவர் கேள்விக்கு விடை தேடப் போய் எழுதியதே இக்கட்டுரை.

முதலில் ஒரு சிறு கணக்கு. 15 வாக்காளர்களில் 9 பேர் 'அ' கட்சி. 6 பேர் 'ஆ' கட்சி. ஐவருக்கு ஒன்றாக 3 தொகுதிகள் அமைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 'அ' மூவர், 'ஆ' இருவர் என்று பிரித்தால் மூன்றும் 'அ'வுக்கே. 'அ'வில் ஐவரை ஒரே தொகுதியில் அடைத்துவிட்டு, மற்ற இரண்டிலும் 'ஆ' மூவர், 'அ' இருவர் என்று வைத்தால் 'ஆ' இரண்டில் வென்றுவிடும்! ஒரு வாக்கும் மாறவில்லை, கோடுதான் மாறியது.

இந்தக் கணக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாழ்வைத் திருப்பிய வரலாறு உண்டு. அவர்தான் பராக் ஒபாமா. சிகாகோ நகரின் தென்பகுதியிலிருந்து 1996-ல் இல்லினாய் மாநில செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே அவருடைய ஜனநாயகக் கட்சி சிறுபான்மை. 2000-ல் அமெரிக்கக் காங்கிரசுக்குப் போக முயன்று, கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலில் பாபி ரஷ் என்பவரிடம் பெருந்தோல்வி அடைந்தார்.

அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் எல்லைகள் திருத்தப்படும். இல்லினாயில் அந்த வேலையைச் செய்வோர் அரசியல்வாதிகளே. இரு கட்சிகளும் உடன்படாவிட்டால் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம்! 1991-ல் சீட்டு குடியரசுக் கட்சிக்கு விழுந்தது. 2001-ல் ஜனநாயகக் கட்சிக்கு விழுந்தது.

ஒபாமாவும் கணிப்பொறி முன் அமர்ந்து தம் தொகுதியின் கோட்டை வரைவதில் பங்கு கொண்டார். புதிய தொகுதி ஏரிக்கரையோரமாக வடக்கே நீண்டு, செல்வர் வாழும் கோல்டு கோஸ்ட் பகுதியையும் சேர்த்துக்கொண்டது. கறுப்பின மக்களே அதிலும் பெரும்பான்மையினர். நன்கொடை தரவல்ல செல்வந்தரும் வாக்காளர் ஆயினர். 2002 தேர்தலில் அவர் கட்சி செனட்டைக் கைப்பற்றியது. 2004-ல் அவர் அமெரிக்க செனட்டுக்கும், 2008-ல் ஜனாதிபதி பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய உழைப்பையும் நாவன்மையையும் நான் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் கோடும் துணை நின்றது.

நம் நாட்டில் உறுப்பினர் எவரும் தம் தொகுதிக்குத் தாமே கோடு போட்டுக்கொள்ள முடியாது. 2008-ல் நடைமுறைக்கு வந்த எல்லைகளை வரைந்தது நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம். வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதும் சட்டம். என் தந்தையிடம் இதைச் சொன்னேன். "எங்களிடம் கேட்டார்களா?" என்று வியந்தார். ஊரில் எவரும் ஆட்சேபம் எழுதவில்லை. எழுதலாம் என்றே எவருக்கும் தெரியாது.

கோடு மீண்டும் ஒருநாள் நகரும். அன்று அந்த வரைவைப் படித்து மனு எழுத எங்கள் வீட்டில் ஒருவன் இருப்பான்.