திரும்பும் நேரத்திலிருந்து திட்டமிடுவோம்

நுழையும் முன்

மலையும் அருவியும் காணச் செல்லும் நாள் நெருங்கும்போது எதை முதலில் எண்ணுகிறோம்? எந்த இடங்களைப் பார்ப்பது, எங்கே படம் எடுப்பது, என்ன உண்பது என்பனவே பெரும்பாலும் நம் நினைவுக்கு வரும். எப்போது திரும்புவது என்பது பட்டியலின் இறுதியில் இடம்பெறும். சில வேளைகளில் இடம்பெறாமலும் போகும். மலை நடைப்பயணத்திற்கு இவ்வரிசை பொருந்தாது. திரும்பி வரும் நேரத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் புறப்படும் நேரத்தைக் கண்டறிய வேண்டும். இம்முறையை மேகாலயா மாநிலத்தின் சோரா மலைப்பகுதியைச் சான்றாகக் கொண்டு இப்பாடத்தில் கற்போம்.

இடத்தை அறிதல்

நம் புவியியல் பாடநூல்களில் சிரபுஞ்சி என்று படித்த ஊருக்கு அவ்வூர் மக்கள் வழங்கும் பெயர் சோரா. இது ஷில்லாங் நகரிலிருந்து ஏறத்தாழ 54 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குக் காசி மலை மாவட்டத்தில் உள்ளது. காசி என்பது இங்கு வாழும் மக்களின் பெயர். கங்கைக் கரையில் உள்ள காசி நகருக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

வங்காள விரிகுடாவிலிருந்து ஈரக்காற்று வங்கதேசச் சமவெளியைக் கடந்து வருகிறது. இடையில் அதைத் தடுக்க மலை எதுவும் இல்லை. காசி மலைச்சரிவில் மோதியதும் அக்காற்று மேலெழுந்து குளிர்ந்து மழையாகப் பொழிகிறது. சென்னையில் ஓர் ஆண்டில் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சோராவில் 11,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரையிலான பன்னிரண்டு மாதங்களில் இங்குப் பதிவான 26,461 மில்லிமீட்டர் மழை உலக அளவில் இன்றும் முறியாத பதிவாகும்.

இத்துணை மழை பெய்யும் மலையில் அருவிகள் பலவாக இருப்பதில் வியப்பில்லை. சோராவுக்கு அருகிலுள்ள நோகலிகாய் அருவி ஏறத்தாழ 340 மீட்டர் உயரத்திலிருந்து நேரே விழுகிறது. இந்தியாவில் இடையில் பாறைத் தடையின்றி விழும் அருவிகளுள் இதுவே மிக உயரமானது. இதைக் காண மலையில் இறங்கத் தேவையில்லை. காட்சிமேடையில் நின்றே காணலாம்.

நோங்ரியாட் சிற்றூரின் ஈரடுக்கு வேர்ப்பாலம் அத்தகையதன்று. அது பள்ளத்தாக்கின் அடியில் உள்ளது. டிர்னா என்னும் ஊரிலிருந்து 3,000-க்கும் மேற்பட்ட படிகளை நடந்தே கடக்க வேண்டும். இடையில் ஆறுகளின் மேல் கம்பித் தொங்குபாலங்களும் உண்டு.

வேர்ப்பாலம் கட்டப்படுவதன்று, வளர்க்கப்படுவது. ஆற்றங்கரையில் நிற்கும் ரப்பர் மரத்தின் இளவேர்களைக் காசி மக்கள் அக்கரை நோக்கித் திருப்பிவிடுவர். ஆலும் அரசும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது இம்மரம். வேர்கள் வழிமாறாமல் இருக்கப் பிளந்த பாக்குமரத் தண்டுகளைத் துணையாக வைப்பர். வேர்கள் அக்கரை மண்ணில் ஊன்றித் தடித்து, ஆளைத் தாங்கும் பாலமாவதற்குப் பதினைந்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். நட்டவர் நடந்து பார்ப்பதைவிட அவர் பிள்ளைகள் நடந்து பார்ப்பதே மிகுதி. 2022ஆம் ஆண்டு இப்பாலங்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

பருவத்தை அறிதல்

ஜூன் முதல் செப்டம்பர் வரை சோராவில் கடும் மழைக்காலம். அருவிகள் நிறைந்திருக்கும், ஆனால் மூடுபனி அவற்றை மறைத்துவிடும். படிகளில் பாசி படர்ந்து வழுக்கும். ஆறுகள் திடீரெனப் பெருகும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருக்கும்; ஆனால் அருவிகள் மெலிந்துவிடும். உலகில் மிகுமழை பெய்யும் ஊர்களுள் ஒன்றான இங்கு அம்மாதங்களில் குடிநீருக்கே தட்டுப்பாடு ஏற்படுவது உண்டு. மழை குறைந்து, அருவியில் நீர் குறையாத காலம் அக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் வரை ஆகும். குழந்தைகளுடன் செல்வோர்க்கு இக்காலமே ஏற்றது.

பருவம் ஏற்றதாக இருந்தாலும் புறப்படும் முன்னர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். பச்சை நிறம் எச்சரிக்கை இல்லை என்பதையும், மஞ்சள் நிறம் விழிப்புடன் இருக்க வேண்டும் என்பதையும், ஆரஞ்சு நிறம் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதையும், சிவப்பு நிறம் உடனே செயல்பட வேண்டும் என்பதையும் உணர்த்தும். ஆரஞ்சோ சிவப்போ அறிவிக்கப்பட்ட நாளில் பள்ளத்தாக்கில் இறங்கும் திட்டத்தைக் கைவிடுதலே முறை.

நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுதல்

இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம். ஆனால் கதிரவன் எங்கும் ஒரே நேரத்தில் மறைவதில்லை. நவம்பர் நடுப்பகுதியில் மும்பையில் மாலை 6 மணி அளவிலும், சென்னையில் 5.40 மணி அளவிலும் கதிரவன் மறைகிறான். சோராவிலோ 4.30 மணி அளவிலேயே மறைந்துவிடுகிறான். நம் நாட்டின் நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. சோரா அதிலிருந்து ஏறத்தாழ 9 பாகை கிழக்கே உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் எனில், 9 பாகைக்கு 36 நிமிடம். அவ்வளவு முன்னதாகவே அங்குப் பொழுது சாய்கிறது. குளிர்காலப் பகல் வடக்கே செல்லச் செல்லக் குறுகுவதும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. மும்பையிலோ பெங்களூருவிலோ வாழும் குடும்பம் தன் ஊர்ப் பழக்கத்தில், "ஐந்து மணிக்கு மேலேறினால் போதும்" என்று எண்ணினால் படிகளிலேயே இருள் சூழ்ந்துவிடும்.

மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பொதுவாக மலைக்குச் சென்றால் முதலில் ஏறுவோம்; களைத்தபின் இறங்குவோம். நோங்ரியாட் பயணத்தில் முதலில் இறக்கம்; களைத்தபின் ஏற்றம். இறங்கும்போது எளிதாகத் தோன்றும் ஒவ்வொரு படியும் திரும்பும்போது ஏற வேண்டிய படியாகும்.

இவ்விரண்டையும் கருதி நேரத்தைப் பின்னிருந்து எழுதுவோம்.

மாலை 4.00 – டிர்னாவுக்குத் திரும்பி வந்து சேர்தல்.
பிற்பகல் 1.00 – நோங்ரியாட்டிலிருந்து புறப்படுதல் (நடக்க இரண்டரை மணி நேரம், இடையில் இளைப்பாற அரை மணி நேரம்).
முற்பகல் 11.30 – நோங்ரியாட்டை அடைதல். பாலத்தைக் காணுதல், உண்ணுதல்.
காலை 9.30 – டிர்னாவிலிருந்து இறங்கத் தொடங்குதல்.
காலை 8.30 – சோராவில் தங்கிய விடுதியிலிருந்து புறப்படுதல்.

இப்பட்டியலில் மாற்றக் கூடாத நேரம் பிற்பகல் 1.00 மணி. அப்போது பாலத்தை அடையாமல் வழியில் நின்றாலும் திரும்பிவிட வேண்டும். இன்னும் பத்து நிமிடம் நடந்தால் பாலம் வந்துவிடும் என்று மனம் கூறும். பத்து நிமிடம் செல்வதற்கு, பத்து நிமிடம் மீள்வதற்கு, அரை மணி நேரம் காண்பதற்கு என அது ஐம்பது நிமிடங்களை உண்டுவிடும்.

நோங்ரியாட்டுக்கு அப்பால் வானவில் அருவி உள்ளது. அங்குச் சென்றுவர மேலும் பல மணி நேரம் தேவை. எனவே ஒரு நாள் திட்டத்தில் அதற்கு இடமில்லை. அதைக் காண விரும்புவோர் நோங்ரியாட் ஊரார் நடத்தும் இல்லங்களில் ஓர் இரவு தங்கி மறுநாள் செல்லலாம்.

நீரின் குறிப்பை அறிதல்

மலைக்காட்டில் திடீரெனப் பெருகி வந்து விரைவில் வடியும் ஆற்றைக் காட்டாறு என்று தமிழில் கூறுகிறோம். நாம் நிற்கும் இடத்தில் வெயில் காயலாம். ஆனால் மலையுச்சியில் பெய்த மழை சிறிது நேரத்தில் நம்மிடம் வந்து சேரும். விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும் நம்மில் பலர் குற்றாலத்தில் நீராடியிருப்போம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். வெள்ளம் பெருகும்போது குற்றாலத்தில் குளிக்கத் தடை விதிக்கப்படுவது இதனால்தான்.

காவலரும் தடைக்கயிறும் இல்லாத காட்டருவிகளில் நீரே எச்சரிக்கை தரும். தெளிந்த நீர் கலங்கிச் செந்நிறமாதல், சருகுகளும் குச்சிகளும் மிதந்து வருதல், நீரின் ஓசை பெருகுதல், சற்று முன் தெரிந்த பாறை மூழ்குதல் ஆகிய நான்கும் அதன் குறிப்புகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொருள்களை எடுக்க நில்லாமல் உயரமான இடத்திற்கு ஏற வேண்டும். ஆற்றின் அக்கரையில் சிக்கிக்கொண்டால் நீர் வடியும் வரை காத்திருக்க வேண்டும். கடக்க முயலக் கூடாது.

அருவி விழும் இடத்திற்கு நேர் கீழே நிற்பதும் தவறு. நீருடன் கல்லும் மரக்கிளையும் விழக்கூடும். அங்குள்ள நீரில் காற்றுக்குமிழிகள் மிகுதியாகக் கலந்திருப்பதால், நீச்சல் அறிந்தவரும் எளிதில் மிதக்க இயலாது. ஆழம் தெரியாத மடுவில் குதித்தல் எக்காலத்தும் ஆகாது.

மூட்டையைக் கட்டுதல்

நம் முன்னோர் நெடுவழிப் பயணத்திற்குக் கட்டுச்சோறு கொண்டு சென்றனர். அவ்வழக்கம் இன்றும் பயன்தருகிறது. புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் புளியோதரையை விரைவில் கெடாமல் காக்கின்றன. தேங்காய் சேர்த்த உணவு விரைவில் ஊசிப்போகும், அதைத் தவிர்க்கலாம்.

ஒருவருக்கு ஒன்றரை லிட்டர் குடிநீராவது வேண்டும். களைப்பால் வியர்வை மிகுந்தால் வெறும் நீர் போதாது. ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைச் சிறு கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து பருகலாம். இவற்றுடன் பிடிப்புள்ள காலணி, மழைச்சட்டை, கைவிளக்கு, காயத்திற்குக் கட்டுத்துணி, மாற்றுக் காலுறை ஆகியவை இருந்தால் போதும். ஏறும்போது ஒவ்வொரு பொருளின் எடையும் இருமடங்காகத் தோன்றும் என்பதை மறவாமல் மூட்டையைக் கட்ட வேண்டும்.

ஊராரின் நெறியைப் போற்றுதல்

காசி மக்களின் ஊர்மன்றத்திற்குத் 'தோர்பார் ஷ்னோங்' என்று பெயர். ஊரின் பாதையையும் தூய்மையையும் அம்மன்றம் பேணுகிறது. வேரில் பெயர் செதுக்குதல், பாலத்தின்மேல் கூட்டமாக நின்று ஆடுதல், குப்பையை எறிதல் ஆகியன கூடா. கொண்டுசென்ற உறைகளை நாமே திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆறு கடக்கத்தக்கதா என்பதை நம் செல்பேசியைவிட அவ்வூரார் நன்கு அறிவர். அவர்கள் "இன்று வேண்டாம்" என்றால் அதுவே முடிவு. உதவியவருக்குக் 'குப்லேய்' என்று காசி மொழியில் நன்றி கூறலாம்.

சொல்லிவிட்டுச் செல்லுதல்

திட்டம் நம் மனத்தில் மட்டும் இருந்தால் ஆபத்து நேரும்போது பயன்படாது. பள்ளத்தாக்கில் செல்பேசி எல்லா இடத்திலும் இயங்கும் என நம்பவும் இயலாது. எனவே நம்முடன் வராத ஒருவரிடம் பயண விவரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஷில்லாங்கில் வாழும் சித்திக்கு ஒரு மாணவி எழுதும் மாதிரிக் குறிப்பு வருமாறு:

"அன்புள்ள சித்திக்கு வணக்கம். நாளை சனிக்கிழமை அப்பா, அம்மா, தம்பி, நான் ஆகிய நால்வரும் நோங்ரியாட் வேர்ப்பாலத்திற்குச் செல்கிறோம். காலை 9.30 மணிக்கு டிர்னாவில் இறங்கத் தொடங்குவோம். பிற்பகல் 1 மணிக்குத் திரும்பிவிடுவோம். வானவில் அருவிக்குச் செல்லவில்லை. மாலை 4 மணிக்கு மேலே வந்ததும் உங்களை அழைப்போம். 5.30 மணி வரை அழைப்பு வராவிட்டால் சோராவில் நாங்கள் தங்கியுள்ள விடுதியில் கேளுங்கள். அங்கும் செய்தி இல்லையெனில் உடனே 112 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள்."

யார், எங்கே, எப்போது, வராவிட்டால் என்ன செய்வது என்னும் நான்கு வினாக்களுக்கும் இக்குறிப்பில் விடை உள்ளது. எங்கே செல்லவில்லை என்பதும் கூறப்பட்டிருப்பதால், தேடுவோர் தவறான இடத்தில் தேடிக் காலத்தை இழக்க மாட்டார். இவ்வாறு எழுதிக் கொடுத்தபின் வழியில் திட்டத்தை மாற்றுதல் கூடாது. குறித்த நேரத்தில் நம் குரலைக் கேட்க ஒருவர் காத்திருக்கிறார்.

சொற்பொருள் அறிவோம்

மடு – நீர்நிலையின் ஆழமான பகுதி
கட்டுச்சோறு – வழிப்பயணத்திற்குக் கட்டிக்கொண்டு செல்லும் உணவு
பாகை – கோணத்தின் அளவு
சருகு – உலர்ந்த இலை

பயிற்சி

1. சோரா மலையில் மழை மிகுதியாகப் பெய்வதற்குக் காரணம் யாது?
2. நோங்ரியாட் பயணம் பிற மலைப்பயணங்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
3. காட்டாறு பெருகி வருவதை உணர்த்தும் நான்கு குறிப்புகளை எழுதுக.
4. கணக்கிடுக: உங்களுடன் பாட்டியும் வருகிறார். இளைப்பாறும் அரை மணி நேரம் நீங்கலாக, மேலேற மூன்றரை மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக்கு டிர்னாவை அடைய, நோங்ரியாட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?
5. பிரித்து எழுதுக: காட்டாறு, மலையேற்றம், வேர்ப்பாலம், காட்டருவி.
6. நீங்கள் வாழும் ஊருக்கு அருகிலுள்ள அருவி அல்லது மலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்குக் கதிரவன் மறையும் நேரத்தைக் கேட்டறிந்து, பின்னோக்கிய நேரப்பட்டியல் ஒன்றை எழுதுக. ஊரில் உள்ள தாத்தாவுக்கோ அத்தைக்கோ தமிழில் ஒரு பயணக்குறிப்பும் எழுதுக.