உஷார்! ‘எட்டு மாதம்’ என்பது உங்கள் கெடு அல்ல

பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று இரவு, வீடே தூங்கிய பிறகு, போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு நோயின் பெயரைத் தேடுகிறீர்களா? உஷார்! முதலில் கண்ணில் படப்போவது ஓர் எண். அதை எமன் குறித்த தேதி என்று நம்பி, ‘இனி எதற்குச் செலவு?’ என்று கீமோவையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எனக்குப் பதறுவது அதற்காகத்தான்.

1982 ஜூலையில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தொல்லுயிரியல் பேராசிரியர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு வயிற்றுக்குள் மீசோதெலியோமா என்ற அரிய புற்றுநோய். வயது 40. எழுந்து நடக்க முடிந்ததும் மருத்துவ நூலகத்துக்குப் போனார். நோயைக் கண்டுபிடித்த பின் மீடியன் ஆயுள் எட்டு மாதம் என்று போட்டிருந்தது. கால் மணி நேரம் அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். பிறகுதான் அவருக்குள் இருந்த கணக்கு தெரிந்த மனிதர் விழித்துக்கொண்டார்.

மீடியன் என்றால் நட்டநடு. 100 நோயாளிகளை, வாழ்ந்த காலப்படி வரிசையாக நிறுத்திப் பாருங்கள். முதல் 50 பேர் எட்டு மாதத்துக்குள் நெருக்கியடித்து நிற்பார்கள். மீதி 50 பேர்? ஒருவர் ஒன்பது மாதம், ஒருவர் மூன்று வருடம், இன்னொருவர் அதற்கும் அப்பால் என்று வரிசை வால் போல நீளும். தனக்கு வயது குறைவு, நோயை ஓரளவு சீக்கிரமே பிடித்தாயிற்று, நல்ல சிகிச்சையும் கிடைக்கிறது. ஆகவே தன் இடம் அந்த வாலில் இருக்கலாம் என்று கூல்ட் கணித்தார். கடுமையான சிகிச்சையையும் ஏற்றுக்கொண்டார். இறந்தது 2002இல், அதுவும் வேறொரு புற்றுநோயால்.

எல்லோருக்கும் இப்படி வாய்க்காது, உண்மைதான். ஆனால் எந்தப் பாதியில் நிற்கிறீர்கள் என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது.

‘ஐந்தாண்டு உயிர்வாழும் விகிதம்’ என்பதிலும் ஏமாறாதீர்கள். ஐந்தாம் வருடம் முடிவு என்று அதற்குப் பொருளில்லை. ஐந்து வருடம் கண்காணித்தால்தான் அந்தக் கணக்கையே போட முடியும். ஆகவே அது பழைய நோயாளிகளின், பழைய மருந்துகளின் கணக்கு. சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மாத்திரை நோயாளிகளின் ஆயுளை வெகுவாக நீட்டியது. அதற்கு முந்தைய எண்ணை இன்றைய நோயாளி படித்தால் வீண் பீதிதான் மிஞ்சும்.

டாக்டரிடம் கேளுங்கள்: இந்த எண் எந்த ஸ்டேஜுக்கு? எந்த வருடத்து நோயாளிகளுக்கு? என் வயதில், என் உடல்நிலையில் இருப்பவர்களுக்கு என்ன? அதுவரை, தயவுசெய்து, அடுத்த கீமோ தேதியைத் தவறவிடாதீர்கள்.